தடுமாறும் பையனுக்கு யார் சோறு போடுவது?

கிரிக்கெட் வீரர் நடராஜன் என்றதும் எல்லாரும் பிரிஸ்பேன் காபா மைதானத்தைச் சொல்வார்கள். 2021 ஜனவரி. இந்தியாவின் 300வது டெஸ்ட் வீரர். ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டியில் சாரட் வண்டி, மேளம், தெருவை அடைத்த கூட்டம். அந்தக் கூட்டத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப்பேர் இருந்தார்கள்.

நான் பேச நினைப்பது அதற்கு ஆறு வருஷம் முந்தைய ஜனவரியைப் பற்றி. 2015, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், தமிழ்நாட்டுக்கும் வங்காளத்துக்கும் ரஞ்சி ஆட்டம். இருபத்து மூன்று வயதில் முதல் தடவையாக மாநில அணிக்குப் பந்து போட வந்தவரின் ஆக்‌ஷனில் சந்தேகம் இருக்கிறது என்று புகார் போய்விட்டது. கையை மடக்கி எறிகிறார் என்பதுதான் விஷயம். பந்து வீசுகிறவனுக்கு இதைவிடக் கெட்ட பெயர் கிடையாது. விக்கெட் எடுக்காவிட்டால் அடுத்த ஆட்டத்தில் எடுக்கலாம். எறிகிறான் என்று பெயர் வந்தால் அடுத்த ஆட்டமே கிடையாது. ஏறக்குறைய ஒரு வருஷம் அவர் வெளியே நின்றார்.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜெயித்த கதையில் அது ஒரு வரியாகக் கடந்துபோகும். முப்பது வருஷத்துக்கு மேல் சங்ககிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்த எனக்கு, கதையே அந்த வரியில்தான் இருக்கிறது. ஒரு பையன் தடுமாறும்போது அணி என்ன செய்கிறது? பயிற்சியாளர் என்ன செய்கிறார்? வீட்டில் என்ன நடக்கிறது? கடைசியில் பொறுப்பு யார் தலையில் விழுகிறது?

முதலில் அந்த முழங்கை விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். பந்து வீசும்போது கை மடங்கியிருப்பது தப்பில்லை. மேல்கை தோள் உயரத்துக்கு வந்த நொடியிலிருந்து பந்து கையைவிட்டுப் போகும் நொடிவரை, மடங்கிய முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்பதுதான் கணக்கு. 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் அது வீச்சில்லை, எறி. கண்ணால் பார்த்து இத்தனை டிகிரி என்று சொல்லிவிட முடியாது. கையிலும் தோளிலும் ஒளிரும் சிறு பொட்டுகளை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து ஆய்வுக்கூடத்தில் அளக்க வேண்டும். சென்னை போரூர் ராமச்சந்திராவில் அந்த வசதி இருக்கிறது. சின்னப்பம்பட்டியில் ஏது?

அந்த ஊரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் வாக்கில், தாரமங்கலம், எடப்பாடி பக்கம். எந்தத் தெருவில் நின்றாலும் தறிச் சத்தம் கேட்கும். நடராஜனின் அப்பா தறி வேலைக்குப் போனவர். அம்மா சாலையோரத்தில் கோழிக்கறி வறுத்து விற்றவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் இவர். இருபது வயது வரைக்கும் இவர் ஆடியது டென்னிஸ் பந்தில்தான். எங்கள் பக்கம் எல்லாருக்கும் அதுதான் கிரிக்கெட். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு ஏரிக்கரையில் டோர்னமென்ட் நடக்கும். நுழைவுக் கட்டணம் கட்டினால் ஆடலாம். முதல் பரிசுக்கு ஒரு கோப்பையும் கொஞ்சம் ரொக்கமும்.

டென்னிஸ் பந்துக்கு எடை கிடையாது. அதில் வேகம் வர வேண்டுமானால் உடம்பை நம்பிப் பயனில்லை, கையைச் சுண்ட வேண்டும். பத்து வருஷம் அப்படிச் சுண்டிச் சுண்டிப் பழகிய கையில் ஒருநாள் கனமான தோல் பந்தைக் கொடுத்து நேராகப் போடு என்கிறோம். பழகிய கை பழகியபடிதான் போகும். இதில் பையன் செய்த குற்றம் என்ன? ஒருவேளை குற்றம் என்றே வைத்துக்கொண்டாலும், ஈடன் கார்டன்ஸ் போய்ச் சேரும்வரை வழியில் எத்தனை பேர் அந்தக் கையைப் பார்த்திருப்பார்கள்? சென்னையில் நாலாவது டிவிஷன் லீகில் ஆரம்பித்து, விஜய் கிளப், பிறகு ஜாலி ரோவர்ஸ் என்று படிப்படியாக ஏறியவர் அவர். ஒவ்வொரு படியிலும் ஒரு கோச், ஒரு கேப்டன், இரண்டு நடுவர்கள், தேர்வாளர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் செய்தித்தாளில் வந்த பெயர் ஒன்றுதான்.

இது நடராஜனுக்கு மட்டும் நடந்ததில்லை. எந்த அணியிலும் வழக்கம் இதுதான். பையன் ஜெயித்தால் கண்டுபிடித்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். தோற்றால் அவன் தனியாக நிற்பான்.

நடராஜன் தனியாக நிற்கவில்லை. அதுதான் வித்தியாசம். ஊரில் ஜெயப்பிரகாஷ் இருந்தார். டென்னிஸ் பந்து காலத்திலேயே பையனைக் கவனித்து, சென்னைக்கு வழிகாட்டி, செலவையும் பார்த்துக்கொண்டவர். நடராஜன் பின்னாளில் ‘ஜேபி நட்டு’ என்று சட்டையில் போட்டுக்கொண்டது அவருக்காகத்தான். சென்னையில் சுனில் சுப்பிரமணியம் கிடைத்தார். பழைய தமிழ்நாட்டு இடக்கைச் சுழல் வீரர், அஸ்வினுக்கும் பயிற்சி கொடுத்தவர். டி.வாசு, எம்.வெங்கடரமணா என்று மற்ற பயிற்சியாளர்களும் கூட நின்று, ஆக்‌ஷனை உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். பந்து வீச்சாளனின் ஆக்‌ஷனை மாற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை. முதலில் வேகம் போகும், அப்புறம் குறி போகும். வேகமும் குறியும் போனபின் தன் மேலுள்ள நம்பிக்கை போகும். அந்த இடத்தில் பக்கத்தில் ஒருவர் தினமும் நிற்காவிட்டால் பையன் பழைய ஆக்‌ஷனுக்கே திரும்பிவிடுவான், அல்லது ஊருக்குத் திரும்பிவிடுவான்.

ஜாலி ரோவர்ஸ் என்பது சன்மார் குழுமத்தின் கிளப். அவர்களுடைய கெம்பிளாஸ்ட் ஆலை எங்கள் மேட்டூரில்தான் இருக்கிறது. சென்னை லீகில் பெரிய கிளப்புகளின் பின்னால் இப்படி ஒரு கம்பெனி இருப்பது பழைய வழக்கம். ஒரு காலத்தில் வேலையே போட்டுக் கொடுத்தார்கள். ‘கம்பெனி கிரிக்கெட்’ என்று இளக்காரமாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஐபிஎல் பணத்தை எட்டாத பையனுக்கு, ஆட்டம் சரியாக வராத மாதத்திலும் கையில் ஏதாவது தங்கச் செய்தது அந்த ஏற்பாடுதான்.

என் வாதம் இதுதான். தடுமாறுகிற பையனுக்கு முதலில் தேவை அறிவுரை இல்லை, காலம். காலம் சும்மா வராது. தங்க இடம், சாப்பாடு, பஸ் காசு, ஒரு ஸ்கேன், ஒரு ஜோடி ஷூ எல்லாம் சேர்ந்ததுதான் காலம். அதற்கு யார் பணம் கட்டுகிறார்களோ அவர்கள்தான் பொறுப்பேற்றவர்கள். மற்றவர்கள் வாழ்த்துச் சொல்கிறவர்கள்.

பெயர் சொல்லாமல் என்னிடம் படித்த பையன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா விசைத்தறியில் கூலி. பையன் நெடுநெடுவென்று வளர்ந்தவன். ஓடி வந்தால் மணல் தெறிக்கும். மாவட்ட அணிக்கு ஆடினான், சென்னையில் ஒரு கிளப் கூப்பிட்டது. இன்ன கிளப் என்று சொல்லப்போவதில்லை. முதல் சீசன் நன்றாகப் போனது. பதினெட்டு வயதில் முதுகுவலி வந்தது. கிளப் ஆட்டம், கல்லூரி ஆட்டம், ஊருக்கு வந்தால் டோர்னமென்ட் என்று வாரம் முழுக்கப் பந்து போட்டவன். ஸ்கேன் எடுத்தபோது கீழ்முதுகு எலும்பில் மெல்லிய விரிசல் தெரிந்தது.

வளரும் வயது வேகப்பந்து வீச்சாளர்களுக்கு உலகம் முழுக்க வருகிற காயம் இது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அதனால்தான் இன்ன வயதுக்காரன் ஒரு நாளைக்கு இத்தனை ஓவருக்கு மேல் போடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பையன் எத்தனை ஓவர் போட்டான் என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. மூன்று இடத்தில் ஆடினான், மூன்று பேரும் தங்கள் ஆட்டத்தை மட்டும் எண்ணினார்கள்.

கிளப்பில் “ரெஸ்ட் எடுப்பா, சரியானதும் கூப்பிடறோம்” என்று அனுப்பினார்கள். அவன் அப்பா ஒரு சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். தறியிலிருந்து நேராக வந்திருந்தார், மீசையில் பஞ்சு ஒட்டியிருந்தது. “டாக்டரு ஆறு மாசம் ரெஸ்ட்டுன்னு சொல்லிட்டாருங்க சார். ரெஸ்ட்டுன்னா வூட்ல சும்மா உக்காந்திருக்கறதுங்களா? அதுக்கு அவங்க ஏதாச்சும் குடுப்பாங்களா?” என்று கேட்டார். கொடுக்கமாட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப வலியோட ஆடுனா?” என்றார்.

அவரைக் கொடுமைக்கார அப்பா என்று நினைத்துவிடாதீர்கள். வட்டிக்கு வாங்கி ஷூ வாங்கிக் கொடுத்தவர் அவர்.

ஆறு மாதம் எட்டு மாதமானது. வலி போய்விட்டது, கிளப்பிலிருந்து அழைப்பு வரவில்லை. பையன் போன் செய்தால் எடுக்கமாட்டார்கள். ஒருநாள் வாட்ஸப் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவன் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான். “சார், திரும்ப எடுத்துக்கச் சொல்ல வேண்டாம். நான் எதுல கொறஞ்சேன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.” நான் கேட்டேன். “சார், இந்த வருஷம் நெறைய பசங்க” என்றார் அந்தப் பக்கத்தில் இருந்தவர். பையன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி சத்தீஸ்கர் பக்கம் போர் போடப் போனான். முதுகு விரிசல் கண்ட பையன் குழாய் தூக்கப் போகிறான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தறியில் பாவு நூல் அறுந்தால் ஓட்டத்தை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் திரும்ப ஓட்டுவார்கள். நூலைத் திட்டிக்கொண்டு தறியை ஓட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை. விளையாட்டில்தான் அதைச் செய்கிறோம்.

சரி, பெரிய அணிகளுக்கு வருவோம். அங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆக்‌ஷனைச் சரிசெய்துகொண்ட நடராஜன் 2016ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் (டிஎன்பிஎல்) முதல் சீசனில் திண்டுக்கல் டிராகன்ஸுக்கு ஆடினார். ஒரு சூப்பர் ஓவரில் யார்க்கர் மேல் யார்க்கராக இறக்கியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. 2017 பிப்ரவரி ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அணியைப் பார்த்துக்கொண்டிருந்த சேவாக், டிஎன்பிஎல் மட்டும் ஆடிய பையனுக்கு இவ்வளவா என்று பலர் தன்னைக் கேட்டதாகப் பின்னாளில் சொன்னார். எடுத்த தைரியத்துக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த சீசனில் நடராஜன் ஆடியது ஆறு ஆட்டம், எடுத்தது இரண்டு விக்கெட். காயமும் சேர்ந்துகொண்டது. சீசன் முடிந்தது, உறவும் முடிந்தது.

இரண்டு வருஷம் கழித்து அதே அணி அதையே திரும்பச் செய்தது. 2018 டிசம்பர் ஏலம், அடிப்படை விலை 20 லட்சம், 8.40 கோடிக்கு வருண் சக்கரவர்த்தி. கட்டடக் கலைஞர் வேலையை விட்டுவிட்டுப் பந்து சுழற்ற வந்தவர். 2019 மார்ச்சில் கொல்கத்தாவுக்கு எதிராக முதல் ஆட்டம், முதல் ஓவரில் 25 ரன். அந்த சீசனில் அது ஒன்றுதான் அவர் ஆடியது. விரலில் காயம். வருஷக் கடைசியில் விடுவித்துவிட்டார்கள். அவரை 4 கோடிக்கு எடுத்து வைத்துக்கொண்டது, முதல் ஓவரில் அவரை விளாசிய அதே கொல்கத்தா. அடுத்த சீசனில் 17 விக்கெட். 2021 டி20 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்கூட எடுக்காமல் இந்திய அணியிலிருந்து கழன்று, மூன்று வருஷம் காத்திருந்து திரும்பி, 2025 சாம்பியன்ஸ் டிராபியில் 9 விக்கெட் எடுத்தார். அந்த மூன்று வருஷமும் கொல்கத்தா அவரைக் கைவிடவில்லை.

பஞ்சாபைத் திட்டுவது சுலபம். அவர்கள் பக்கத்து நியாயமும் உண்டு. ஐபிஎல் என்பது பள்ளிக்கூடம் இல்லை. இரண்டு மாதம், பதினான்கு லீக் ஆட்டம். நாலு ஆட்டம் தோற்றால் கோச்சின் வேலைக்கே ஆபத்து. தன் நாற்காலி ஆடும்போது எவனும் அடுத்தவன் முழங்கையைப் பற்றி யோசிக்கமாட்டான். பத்து லட்சத்துக்கு எடுத்த பையன் தடுமாறினால் யாரும் கேட்கமாட்டார்கள். மூன்று கோடிக்கு எடுத்த பையன் தடுமாறினால் எடுத்தவரைக் கேட்பார்கள். கேள்வி வந்ததும் அவர் செய்யக்கூடிய எளிய காரியம் அந்தப் பையனைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுவது. விலையை ஏற்றியது பையன் இல்லை, ஏலத்தில் பலகையைத் தூக்கியவர்கள். விலைக்கான கணக்கை மட்டும் பையன் ஒப்பிக்க வேண்டும்.

நடராஜனுக்கு வருவோம். 2018ல் ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்தது. அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட இல்லை. 2019லும் இல்லை. இரண்டு சீசன் தண்ணீர் பாட்டில் தூக்கினார். ஆனால் விடுவிக்கவில்லை. அந்த அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் யார் என்று பார்த்தால் எனக்குச் சிலிர்க்கும். கண்டித் தமிழர் முத்தையா முரளிதரன். முழங்கைப் பழியை உலகத்தில் யாரையும்விட அதிகமாகச் சுமந்தவர்.

1995 டிசம்பர் 26, மெல்பர்ன். நடுவர் டாரல் ஹேர் முரளியின் பந்துகளை வரிசையாக நோபால் என்றார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் ராஸ் எமர்சன் அதையே செய்தபோது, கேப்டன் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோட்டுக்கே நடத்திக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் நின்றது. ரணதுங்க செய்தது விதிப்படி சரியா என்று கேட்டால் எனக்கே தயக்கம்தான். நானும் நடுவராக நின்றவன், கேப்டன்கள் எல்லைக்கோட்டுக்கு நடக்க ஆரம்பித்தால் என் போன்றவன் கதி என்ன? ஆனாலும் அந்த மனிதர் செய்த ஒன்றை மறுக்க முடியாது. பழியை வீரனிடம் தனியாக விடவில்லை, அணியின் பழியாக ஆக்கிக்கொண்டார். முரளி 2010ல் 800 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றார். 1995லோ 1999லோ இலங்கை வாரியம் வேறு சுழல் வீரனைத் தேடிப் போயிருந்தால் அந்த 800 எங்கே?

ஹைதராபாத் பெஞ்ச் நடராஜனை வளர்த்தது என்று இப்போது சொல்கிறார்கள். பாதி உண்மை. பெஞ்சில் உட்கார வைப்பது பொறுமையாகவும் இருக்கலாம், மறதியாகவும் இருக்கலாம். உள்ளே இருக்கும் பையனுக்கு எது என்று தெரியாது. 2020ல் அமீரகத்தில் நடந்த ஐபிஎல்லில் புவனேஷ்வர் குமார் காயம்பட்டு வெளியேறியதும் கடைசி ஓவர்களின் சுமை நடராஜன் மேல் கூடியது. 16 ஆட்டம், 16 விக்கெட். நவம்பர் 6 அன்று எலிமினேட்டரில் ஏபி டிவிலியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரை மறந்தவர் எங்கள் ஜில்லாவில் கிடையாது. அதன்பின் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா. அங்கே டி20 அணியில் இடம் கிடைத்ததும் எப்படி? வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம். பஞ்சாப் விட்ட ஒரு தமிழன் விலக, பஞ்சாப் விட்ட இன்னொரு தமிழன் உள்ளே வந்தார். ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் ஒரே பயணத்தில் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். காபாவில் முதல் இன்னிங்ஸில் சதமடித்திருந்த லபுஷேனையும் சேர்த்து மூன்று விக்கெட்.

இதில் எத்தனை தற்செயல் பாருங்கள். இரண்டு பேர் காயம்பட்டிருக்காவிட்டால்? அப்போதும் அவர் அதே திறமைக்காரர்தான். பெஞ்சில் இன்னும் உட்கார்ந்திருப்பார், அல்லது ஊரில் டோர்னமென்ட் ஆடிக்கொண்டிருப்பார். ‘உழைத்தால் நடராஜன் ஆகலாம்’ என்று பள்ளி ஆண்டு விழாவில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அப்படியென்றால் ரிக் வண்டியில் போன பையன் உழைக்கவில்லையா?

காபாவுக்குப் பிறகும் கதை நேராகப் போகவில்லை. 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் சாம் கரனைக் கட்டிப்போட்டு ஜெயித்துக் கொடுத்தார். ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நாலு டி20யோடு இந்தியச் சட்டை நின்றுபோனது. ஆனால் இந்தத் தடவை ஹைதராபாத் அவரை 4 கோடி கொடுத்துத் திரும்ப எடுத்தது. 2022ல் 18, 2024ல் 19 விக்கெட். 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது, அடுத்த சீசனில் ஆடவைத்தது இரண்டே ஆட்டம். அதற்குள் அவருக்கு வயதும் பெயரும் பணமும் வந்துவிட்டதால் அந்தப் பெஞ்ச் அவரை ஒன்றும் செய்யாது. பதினெட்டு வயதுப் பையனுக்கு அது வேறு.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தேன். இங்கிலாந்துக் கால்பந்தில் அகாடமிகள் எட்டு, ஒன்பது வயதிலேயே பிள்ளைகளை எடுத்து, பதினெட்டில் பெரும்பாலோரைக் கழித்துவிடும். கழிக்கப்பட்ட பிள்ளைகள் மனமுடைந்துபோகும் செய்திகள் வந்தபின், கிரிஸ்டல் பேலஸ் என்ற லண்டன் கிளப் 2021ல் ஒரு ஏற்பாடு செய்தது. பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று வயதுக்குள் விடுவிக்கப்படுகிறவர்களை மூன்று வருஷம் தொடர்ந்து கவனித்து, படிப்புக்கோ வேலைக்கோ வழிகாட்ட ஆள் போட்டார்கள். மறுபடி அணியில் எடுப்பதில்லை. போனை எடுப்பார்கள், அவ்வளவுதான். அந்த அளவுகூட நம் ஊரில் யாரும் எழுதி வைத்து நான் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் வசதி முன்னைப்போல் மோசமில்லை. வாழப்பாடி அருகே சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் 2020 பிப்ரவரியில் திறந்தார்கள், ராகுல் திராவிட் வந்திருந்தார். டிஎன்பிஎல் ஆட்டங்களே அங்கே நடந்தன. நடராஜன் தன் ஊரிலேயே மைதானம் கட்டி, 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக்கை அழைத்துத் திறந்தார். அதற்கு முன்பிருந்தே அவரும் ஜெயப்பிரகாஷும் பையன்களைத் தேற்றி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2019 டிஎன்பிஎல்லில் சேப்பாக்கம் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பெரியசாமி அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்தான். பன்னிரண்டு வயதுப் பையனின் கையில் தோல் பந்தைக் கொடுத்து, பக்கவாட்டில் நின்று செல்போனில் படம் பிடித்து முழங்கையைக் காட்டிவிட்டால், இருபத்து மூன்று வயதில் ஈடன் கார்டன்ஸில் தலைகுனிய வேண்டியதில்லை. இதற்குப் போரூர் ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு வாத்தியாரின் அரைமணி நேரம் போதும்.

மாவட்டத் தேர்வுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோர் இப்போதும் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. சென்னையில் எந்த கிளப் நல்லது என்பார்கள். என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் நான் சொல்லித் தருவேன். காயம்பட்டால் ஸ்கேனுக்கு யார் கட்டுவது? வாரம் எத்தனை ஓவர் என்பதை யார் எண்ணுவது? ஒரு சீசன் சரியாக வராவிட்டால் என்ன? பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இடம் கிடைத்ததே பெரிது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

போன வருஷம் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பார்க்கிறவர் ஒருவர் கேட்டுவிட்டார். கூட நான் போயிருந்தேன். கிளப் செயலாளர் டீ வரவழைத்துக் கொடுத்து, தம்பி நல்லா வருவான் என்றெல்லாம் பேசினார். இவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, “வந்தா சரிங்க. வரலீன்னா என்னங்க பண்ணுவீங்க?” என்றார். செயலாளருக்கு அந்தக் கேள்வியை யாரும் போட்டதில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு அவர், “ரெண்டு சீசன் வெச்சிருப்போம். அதுக்கு மேல முடியலைன்னா கூப்பிட்டு உட்கார வெச்சுச் சொல்லுவோம்” என்றார்.

“எழுதித் தருவீங்களா?” என்றார் வெல்டர்.

எழுதித் தந்தார், கிளப்பின் லெட்டர்பேடிலேயே. பையன் இப்போது முதல் சீசனில் இருக்கிறான். ரன் சுமாராகத்தான் வருகிறது.